மருந்தின் மேல் போட்ட பழி: டொங்காட் மாமாவின் .50 முன்வாய்த் துப்பாக்கி

ஐம்பது மீட்டரில் ஐந்து குண்டு. ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழுந்திருந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மணல் மூட்டையில் தாங்கி, ஸ்கோப் வைத்து, மூச்சைப் பிடித்துச் சுட்டது அது. அளந்து பார்த்தோம், 18 சென்டிமீட்டர். மாமா இலக்குத் தாளைக் கழற்றி நாலாக மடித்து, "மருந்து சரியில்லை மாப்ளே" என்றார். நானும் ஆமாம் போட்டேன். அந்த ஒரு ஆமாமுக்கு மூன்று சனிக்கிழமைகளும் டப்பாவில் பாதி மருந்தும் போயின.

மாமா என் மனைவிக்குத் தாய்மாமன். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டொங்காட்டில் பிறந்து வளர்ந்தவர், வயது 64. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் முதல் இந்தியக் கூலிக் கூட்டத்தை டர்பனில் இறக்கியதே, அதற்குப் பிறகு சில வருஷங்களில் கரும்புக்கு வந்த குடும்பம். அவருடைய தமிழ் கோவில் தமிழ். தேவாரம் தடங்கலில்லாமல் வரும், கடையில் பேரம் பேச வராது. நான் சாத்தூர்க்காரன். பதினோரு வருஷமாக டர்பனில் ஒரு டூல் ரூமில் லேத் ஓட்டுகிறேன். எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் முதலில் ஞாபகம் வருவது மாத்திரை இல்லை, பட்டாசு. அதனால்தான் மாமா இந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் பயன்பட்டது சாத்தூர் இல்லை, லேத்.

துப்பாக்கி

.50 அளவு, அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம். மருந்தையும் குண்டையும் குழல் வாய் வழியாகத் திணிக்கும் ரகம். வலப்பக்கம் இருக்கும் குதிரை, அதாவது சுத்தியல், வந்து நிப்பிள் என்ற துளையுள்ள முனையின் மேல் வைத்த கேப்பை அடிக்கும் பழைய பாணி. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பின் பெரியண்ணன்தான் இந்த 11-ஆம் நம்பர் கேப்பு. செம்புத் தொப்பிக்குள் ஒரு துளி வெடிபொருள். எண்கோணக் குழல், பட்டைக்குப் பட்டை 15/16 அங்குலம், அதாவது 23.8 மில்லிமீட்டர். உள்ளே குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளம் 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

இந்த 48 ஒரு சமாதான எண். துணியில் சுற்றிய உருண்டை ஈயக்குண்டுக்கு 60, 66 என்று மெதுவான முறுக்கு பிடிக்கும். நீளமான ஈயக்குண்டுக்கும் பிளாஸ்டிக் உறையில் வரும் கைத்துப்பாக்கிக் குண்டுக்கும் 28 போல வேகமான முறுக்கு வேண்டும். 48 நடுவில் நின்று இரண்டு சம்பந்தியையும் சமாளிக்கப் பார்க்கும். எது அதற்கு நிஜமாகப் பிடிக்கிறது என்று சுட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நவீனத் துப்பாக்கி வாங்காமல் மாமா இதை வாங்கியதற்குச் சட்டமும் ஒரு காரணம். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் முன்வாய்த் துப்பாக்கிக்குத் தனி விளக்கம் இருக்கிறது. குழலுக்கு ஒரே வெடி, ஒவ்வொரு முறையும் வாய் வழியாகத் தனித்தனியாக நிரப்ப வேண்டும், கருமருந்து அல்லது அதற்கு ஈடானது, தீ வைப்பது சிக்கிமுக்கி, திரி, சக்கரம் அல்லது கேப்பு. இந்த விளக்கத்துக்குள் வந்தால் துப்பாக்கிக்கென்று லைசென்ஸ் வேண்டாம், வைத்திருப்பவரிடம் தகுதிச் சான்றிதழ் இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் புது மாடல்கள் பலவும் ஷாட்கன் தோட்டாவில் இருக்கும் 209 பிரைமரில் வெடிப்பவை. அந்த விளக்கத்தின் வாசகத்தில் பிரைமர் என்ற சொல் இல்லை. "வாசகத்தில இல்லாததுக்கு நான் ஏன் போலீஸ் ஸ்டேஷன்ல போய் விளக்கம் சொல்லணும்?" என்று மாமா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

ஸ்கோப் ஏன்?

பழைய துப்பாக்கிக்கு ஸ்கோப் எதற்கு என்று ரேஞ்சில் இரண்டு பேராவது கேட்டிருப்பார்கள். கண்தான். முன்குறி, பின்குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. இளம் வயதில் கண் மூன்றுக்கும் இடையில் வேகமாகத் தாவி ஏமாற்றிவிடும். 64-ல் அந்தத் தாவல் போய்விடுகிறது. பின்குறி பஞ்சு மாதிரி தெரிகிறது என்றார் மாமா. ஸ்கோப்பில் குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும், கண்ணுக்கு ஒரே வேலை.

மூன்று வழி இருந்தது. ஒன்று, பீப் சைட்: சிறு துளை வழியாகப் பார்ப்பது. விலை குறைவு, பழைய துப்பாக்கியின் அழகும் கெடாது. சாயங்கால வெளிச்சத்தில் துளை இருண்டுவிடுகிறது என்று மாமா தள்ளிவிட்டார். அவருக்கு நான் சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன், ஆனால் துப்பாக்கி அவருடையது.

இரண்டு, பின்குறி இருந்த இடத்தில் முன்னோக்கி வைக்கும் மவுண்ட். இதற்குக் கண்ணை ஒரு சாண் தள்ளி வைத்தும் பார்க்கக்கூடிய ஸ்கோப் வேண்டும். நல்ல விஷயம், குதிரைக்கும் நிப்பிளுக்கும் பக்கத்தில் ஒன்றுமே இருக்காது. கேப்பு வைக்கக் கை தாராளமாகப் போகும், வெடிக்கும்போது நிப்பிளிலிருந்து தெறிக்கும் புகையும் கண்ணாடியில் படாது. கெட்ட விஷயம், அந்த வகை ஸ்கோப் டர்பனில் அப்போது கிடைக்கவில்லை. வரவழைக்க ஆகும் விலையைக் கேட்டு மாமா போனை வைத்துவிட்டார்.

மூன்று, குழலின் பின்பகுதியில் பேஸ் என்ற அடித்தகட்டைப் போட்டு, அதில் ரிங் என்ற வளையங்களால் பிடித்த வழக்கமான ஸ்கோப். இதைத்தான் செய்தோம். 2-7 மடங்கு, 32 மில்லிமீட்டர் முன்கண்ணாடி. பெரிய ஸ்கோப் வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தை மளமளவென்று இழக்கும். எண்பது மீட்டருக்கு மேல் உயிருள்ள எதையும் நோக்கிச் சுடக்கூடாது என்பது மாமா தானே போட்டுக்கொண்ட விதி. எண்பது மீட்டருக்கு 12 மடங்கு எதற்கு? பாரலாக்ஸும் ஒரு காரணம். சாதாரண ரைஃபிள் ஸ்கோப்பைத் தொழிற்சாலையில் 100 கெஜமோ அதற்கு மேலோ வைத்து அமைத்துவிடுவார்கள். ஷாட்கன்னுக்கும் முன்வாய்த் துப்பாக்கிக்கும் என்று விற்பவை 50, 75 கெஜத்துக்கு அமைந்திருக்கும். கண் கொஞ்சம் விலகினாலும் குறுக்குக்கோடு இலக்கின் மேல் அலையாமல் நிற்கும். அப்படி ஒன்று கிடைத்தது.

பேஸ், ரிங், அத்தையின் தையல்

எண்கோணக் குழலின் மேல்பட்டையில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து நாலு துளை போட்டோம். அவர் வேலை சுத்தம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேஸையும் ரிங்கையும் நாங்களே வாங்கி நாங்களே மாட்டினோம். குறை எல்லாம் அங்கேதான்.

முதல் தப்பு சிரிப்புக்குரியது. பேஸ் வீவர் வகை, ரிங் பிக்கட்டினி வகை. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி. வீவரின் குறுக்குப் பள்ளம் 4.6 மில்லிமீட்டர் அகலம், பிக்கட்டினியில் 5.2. வீவர் ரிங் பிக்கட்டினி பேஸில் உட்கார்ந்துவிடும், பிக்கட்டினி ரிங் வீவர் பேஸில் உட்காராது. மாமா அரத்தை எடுத்தார். பிடுங்கி வைத்துவிட்டு ரிங்கை மாற்றி வாங்கி வந்தேன்.

அப்புறம் உயரம். ஸ்கோப் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். ஆனால் இந்த வகைத் துப்பாக்கியில் குதிரையை இழுக்கக் கட்டைவிரல் நுழைய வேண்டும். தாழ்வான ரிங்கில் ஸ்கோப்பின் பின்முனை விரலை இடித்தது. நடுத்தர உயர ரிங் போட்டோம். இப்போது வேறு தொல்லை. பழைய பாணிக் கட்டை, குழலிலிருந்து கீழ்நோக்கி நன்றாக வளைந்து இறங்கும். திறந்த குறிக்கென்று செதுக்கியது. ஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால் கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்க வேண்டியிருந்தது. கன்னம் அந்தரத்தில் இருந்தால் கண் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில் இருக்கும். அத்தை ஒரு பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, உள்ளே ஃபெல்ட் துணி வைத்து, செருப்புக்கயிறு போல நாடா கோத்து ஒரு உறை தைத்துக் கொடுத்தார். கட்டையில் இறுக்கிக் கட்டியதும் கன்னம் வந்து உட்கார்ந்தது. கடையில் தோலில் விற்கிறார்கள். அதைவிட இது தேவலை.

துளைகளை அசிட்டோனில் துடைத்து, திருகில் நீல லாக்டைட் பசை ஒரு துளி வைத்து, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் சாவியில் 2 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்கினேன். ரிங்கை மாட்டும்போது முன்பக்கம் தள்ளிப் பிடித்து இறுக்கினேன்; வெடித்ததும் துப்பாக்கி பின்னால் பாயும், ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், அதாவது துப்பாக்கியை வைத்துப் பார்த்தால் ஸ்கோப் முன்னால் ஓடப் பார்க்கும். குறுக்குப் போல்ட் ஏற்கெனவே பள்ளத்தின் முன்சுவரில் முட்டிக்கொண்டிருந்தால் ஓட இடமில்லை. இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டோம் என்ற மிதப்புதான் பிறகு கண்ணை மறைத்தது.

மூன்று சனிக்கிழமை

முதல் சனிக்கிழமை மருந்தைக் குறை சொன்னோம். 60 கிரெயினிலிருந்து 90 வரை ஏற்றினோம், இறக்கினோம். (கருமருந்தைத் தராசில் நிறுப்பதில்லை, அளவுக் குழாயில் கொள்ளளவாக அளப்பார்கள். 70 கிரெயின் என்றால் சுமார் நாலரை கிராம். கையேட்டில் போட்ட உச்சத்தைத் தாண்டக்கூடாது. டப்பாவிலிருந்து நேரே குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். நவீனத் தோட்டாவில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூட இதில் போடக்கூடாது.) இரண்டாவது சனிக்கிழமை குண்டைச் சுற்றும் பேட்ச் துணியை மாற்றினோம். மூன்றாவதில் குண்டு, கேப்பு. குரூப், அதாவது ஐந்து குண்டும் விழுந்த பரப்பின் அகலம், 15 சென்டிமீட்டருக்குக் கீழே வரவில்லை, 20-க்கு மேலேயும் போகவில்லை. எது மாற்றினாலும் அது கண்டுகொள்ளவே இல்லை.

அதுவே முதல் துப்பு. மருந்தைக் கூட்டினால் குரூப் நல்லதாகவோ கெட்டதாகவோ மாற வேண்டும். எதற்கும் அசையாத ஒரு கெட்டது என்றால், நாம் தொடும் இடத்தில் நோய் இல்லை.

இரண்டாவது துப்பு தாள்களிலேயே இருந்தது. மாமா மடித்து வைத்த தாள்களை வீட்டில் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். குண்டுகள் வட்டமாகச் சிதறவில்லை. மேலே ஒரு கொத்து, கீழே சற்று வலப்பக்கம் ஒரு கொத்து. ஒரு தாளில் மூன்றும் இரண்டும், இன்னொன்றில் நாலும் ஒன்றும். ஒவ்வொரு கொத்தும் தனியாகப் பார்த்தால் நாலைந்து சென்டிமீட்டர்தான். மருந்தோ துணியோ கெட்டிருந்தால் மாவு தூவியது போல எல்லாப் பக்கமும் சிதறும். இரண்டு கொத்து என்றால் ஏதோ ஒன்று இரண்டு நிலைக்கு நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறது.

நாலாவது சனிக்கிழமை ஸ்கோப்பைக் கழற்றினேன். பேஸ் தாழ்வானது, அதன் மேலாகப் பழைய குறிகள் தெரிந்தன. மாமாவுக்குத்தான் பின்குறி பஞ்சு, எனக்கு இன்னும் தெரிகிறது. 70 கிரெயின், அதே துணி, அதே குண்டு. ஐந்து குண்டும் 6 சென்டிமீட்டரில். திறந்த குறியில்! குழலும் மருந்தும் அன்றைக்கே விடுதலை. மூன்று வாரமாகக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தோம்.

நண்பர் ஒருவருடைய ஸ்கோப்பை வாங்கி அதே பேஸில் மாட்டினோம். மறுபடி இரண்டு கொத்து. சரி, ஸ்கோப்பும் இல்லை. மிச்சம் பேஸ்தான்.

சிகரெட் தாள்

வீட்டுக்கு வந்து பேஸைக் கையால் அசைத்தேன், அசையவில்லை. நாலு திருகையும் சாவி வைத்துப் பார்த்தேன், நாலும் இறுக்கம். மாமாவின் அண்ணன் மகன் சுருட்டிக் குடிக்கிறவன். அவனிடமிருந்து சிகரெட் தாள் ஒன்று வாங்கி, பேஸுக்கும் குழலுக்கும் நடுவில் செருகிப் பார்த்தேன். முன்பக்கம் நுழையவில்லை. பின்பக்கம், கடைசித் திருகுக்கு அருகில், தாள் சத்தமில்லாமல் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தது.

திருகைக் கழற்றினேன். அதன் நுனி மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, உளியால் தட்டிய மாதிரி ஒரு சிறு தட்டை. துளையின் அடியில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கையில் வந்த இறுக்கம் பேஸை அழுத்திய இறுக்கம் இல்லை, நுனி அடியில் முட்டிய இறுக்கம். டார்க் சாவிக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 2 நியூட்டன்-மீட்டர் என்றால் அதற்கு 2 நியூட்டன்-மீட்டர்தான்.

கணக்கு எளிது. குழல் 23.8, உள்விட்டம் 12.7; சுவர் ஒரு பக்கத்துக்கு ஐந்தரை மில்லிமீட்டர். மெக்கானிக் பாதுகாப்புக்காகத் துளையை 3.6 மில்லிமீட்டரோடு நிறுத்தியிருந்தார், சரியாகத்தான் செய்தார். பேஸோடு வந்த திருகு வேறு ஏதோ தடித்த துப்பாக்கிக்கு உரியது. பேஸுக்குக் கீழே 4.1 நீட்டிக்கொண்டிருந்தது. வெர்னியரில் அளந்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. அடி மூடிய குருட்டுத் துளையில் திருகு போடும் முன் ஆழம் அளக்க வேண்டும் என்பது அப்ரெண்டிஸ் பையனுக்கு முதல் வாரம் சொல்லிக் கொடுப்பது. முன்திருகுகளும் முட்டும் நிலையில்தான் இருந்தன, லாக்டைட் அவற்றைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் வேலை முடிந்ததும் நாலு திருகையும் லேத்தில் பிடித்து, வெளியே 3.2 மில்லிமீட்டர் நிற்கும்படி நுனியைக் கழித்தேன். இந்தத் திருகில் அங்குலத்துக்கு 48 புரி, ஒரு புரிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 3.2 என்றால் ஆறு புரி பிடிக்கும், போதும். இன்னொன்றும் பார்த்துக்கொண்டேன். கடைசித் துளை, குழலின் பின்முனையை அடைக்கும் பிரீச் பிளக்குக்கு மேலே வருகிறது. அங்கே துளை சுவரைத் தாண்டியிருந்து திருகும் நீளமாக இருந்தால் பிளக்கின் புரியில் போய்க் கடிக்கும். ஒரு நாள் பிளக்கைக் கழற்ற வேண்டி வந்தால் இரண்டும் சேர்ந்து நாசம். மாட்டிய பிறகு திருகுத் தலையிலிருந்து பேஸ் வரை நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தேன், அத்தையின் சிவப்பு. திருகு நகர்ந்தால் கோடு உடையும். சிகரெட் தாள் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

அடுத்த சனிக்கிழமை, மாமா சுட்டார், ஸ்கோப்போடு. 5 சென்டிமீட்டர். ஒரே கொத்து.

இனிமேல்தான் மருந்து

முதல் மூன்று வாரக் குறிப்பைக் கிழித்துப் போட்டோம். ஆடுகிற பேஸில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. இந்தத் தடவை ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாறும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் மாமாவே எழுதினார்.

மூன்று வகைக் குண்டு. 370 கிரெயின் நீள ஈயக்குண்டு 50 மீட்டரில் 8 சென்டிமீட்டருக்குக் கீழே வரவில்லை, தோளுக்கும் கருணையில்லை. பிளாஸ்டிக் உறைக்குண்டு ஒரு நாள் நன்றாகப் போட்டது, அடுத்த நாள் போடவில்லை. 48 முறுக்குக்கு அது ஒத்துவரவில்லை என்று விட்டுவிட்டோம். .490 உருண்டைக் குண்டு, 177 கிரெயின் எடை, முதல் நாளிலிருந்தே அடக்கமாக இருந்தது. 50-லிருந்து பத்துப் பத்தாக ஏற்றினோம். 60 கிரெயினில் 6 சென்டிமீட்டர், 70-ல் 5, 80-ல் 6, 90-ல் 9. பிறகு ஐந்து ஐந்தாக: 65-ல் 5, 75-ல் நாலரை. 75-க்கும் 70-க்கும் வித்தியாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், ஐந்து குண்டில் அரை சென்டிமீட்டர் காற்றின் விளையாட்டு. 70-ல் நின்றோம். மேலும் கீழும் அஞ்சு கிரெயின் தவறினாலும் குரூப் மாறாத இடம் அது. ஒரே ஒரு புள்ளியில் மட்டும் அழகு காட்டும் அளவைவிட இது நல்லது.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் துப்பாக்கியில் பெரிய விஷயம் மருந்தில்லை, துணி. சுட்ட பிறகு பத்து இருபது அடி முன்னால் பேட்ச் விழுந்து கிடக்கும். அதைப் பொறுக்கி எடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டர் நாக்கைப் பார்ப்பது மாதிரி. ஓரம் பிரிந்து, நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் முழுசாக, சுற்றிலும் கருப்பு வளையம் என்றால் உடம்பு சரியாக இருக்கிறது. நடுவில் எரிந்து ஓட்டை என்றால் துணி மெல்லிசு, அல்லது எண்ணெய் போதவில்லை. பிளேடு போட்டாற்போலக் கீறல் என்றால் வரிப்பள்ளத்தின் முனையோ குழல் வாயோ கூர்மை. மாமா முதலில் பழைய வேட்டியை வெட்டிக் கொண்டு வந்தார், எட்டுமுழம். ஐந்து பேட்சில் நாலு நடுவில் ஓட்டை. அப்புறம் தலையணை உறைக்குப் போடும் கெட்டிப் பருத்தி, 0.015 அங்குலம், கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்தது. ஓட்டை நின்றது.

துணிக்குத் தடவும் கொழுப்பில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. பெட்ரோலிய கிரீஸ் கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரி ஒட்டும், அது ஆகாது. கடையில் விற்பதில் மாட்டுக் கொழுப்பு இருக்கலாம் என்று அத்தை வீட்டுக்குள் விடவில்லை. 1857-ல் என்ஃபீல்டு துப்பாக்கித் தோட்டாவின் கொழுப்பு பற்றிய பேச்சில் ஒரு ராஜ்ஜியமே ஆடியது. அதுவும் முன்வாய்த் துப்பாக்கிதான். மாமா சிரித்துக்கொண்டே தேன்மெழுகையும் நல்லெண்ணெயையும் உருக்கிக் கலந்தார். ஒன்றுக்கு மூன்று. நன்றாகவே வேலை செய்கிறது. வெடித்த புகையில் கொஞ்சம் இட்லிப் பொடி வாசனையும் வருகிறது என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஆகஸ்ட், மூடன்

மார்ச்சிலிருந்து மே வரை எல்லாம் கடலோர ரேஞ்சில் செய்தது. ஆகஸ்டில் உள்நாட்டுக்குப் போனோம், கிரேடவுனைத் தாண்டி மூடன் பக்கம், முள்மரக் காடு. பண்ணைக்காரர் ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் மொழியில் ஃபூர்லாயர், செல்லப்பெயர் சன்னா. 1838-ல் என்கோமே ஆற்றங்கரையில் ஜூலுக்களோடு நடந்த போரில் அவருடைய முன்னோர் கையில் இருந்ததும் இந்த ரகம்தானே. மாமாவுக்கு சன்னா என்றால் கொண்டைக்கடலை. வழியெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று பெர்க் காற்று. மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட சூட்டுக்காற்று, உதடு வெடிக்கும். முதல் குண்டு நடுவில். இரண்டாவது நடுவில். மூன்றாவதைக் குழலுக்குள் தள்ளும்போது இடிகோல் பாதியில் நின்றுவிட்டது. மாமா எழுந்து நின்று இரண்டு கையாலும் அழுத்தினார். இறங்கியது, ஆனால் அடிவரை போனதா? இடிகோலில் நாங்கள் போட்டு வைத்த அடையாளக் கோடு குழல் வாயிலிருந்து ஒரு விரல்கடை மேலே நின்றது. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் காலி இடம். அப்படியே சுட்டால் குழல் புடைத்துப்போகலாம். ஈரத்துணி வைத்து வழியைத் துடைக்கவும் முடியாது, குண்டு உள்ளே. மெதுமெதுவாக அழுத்தி, கோடு வாயோடு சேரும் வரை விடவில்லை. சுட்டோம். 12 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது.

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் கெட்டியான சாம்பலாகவே மிஞ்சும். டொங்காட்டின் ஈரக்காற்றில் அது குழம்பாக இருக்கும், அடுத்த குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கும். அங்கே நாலு குண்டுக்கு ஒருமுறை துடைத்தால் போதும். மூடனில் அதே சாம்பல் ஓடு மாதிரி காய்ந்து, மருந்து இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே வளையமாக இறுகிவிட்டது. மருந்து அதேதான், துணியும் அதேதான், காற்றுதான் வேறு. 70 கிரெயின் என்று நோட்டில் எழுதி வைத்ததில் பாதிதான் எழுதியிருந்தோம்.

பண்ணைக்காரர் ஒரு இம்பாலா தரலாம் என்றார். மாமா வேண்டாம் என்றார். அந்த மூன்றாவது குண்டைப் பார்த்த பிறகு நானும் வற்புறுத்தவில்லை. மத்தியானம் முழுக்க இரும்புத் தகட்டைத்தான் சுட்டோம். ஒவ்வொரு குண்டுக்கும் நடுவில் ஈரமும் காய்ந்ததுமாக இரண்டு துணி. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. துணி ஈரமாக இருக்கலாம், சொட்டக்கூடாது. சொட்டினால் தண்ணீர் பிரீச்சுக்குப் போய் கேப்பு மட்டும் வெடித்து மருந்து தூங்கும். எங்களுக்கு ஒருமுறை அப்படி ஆனது. குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி ஒரு நிமிஷம் அசையாமல் நின்றோம். ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும். பிறகு துடைத்த ஒவ்வொரு தடவையும் வெறும் கேப்பு ஒன்று அடித்துத் துவாரத்தைச் சுத்தம் செய்தபின்தான் மருந்து போட்டோம். மெழுகைக் குறைத்து எண்ணெயைக் கூட்டிய கலவை ஒன்றையும் சுட்டுப் பார்த்தோம், ஒன்றுக்கு ஐந்து. கடைசிக் குரூப், 50 மீட்டரில் 5 சென்டிமீட்டர்.

பேட்ச் புகைந்துகொண்டே விழும் என்பதால் சுடும் இடத்துக்கு முன்னால் புல்லைச் செதுக்கி, ஒரு வாளித் தண்ணீரோடு பண்ணைக்காரரின் ஆள் நின்றார். ஆகஸ்டில் அந்தப் பக்கம் ஒரு பொறி போதும்.

வீட்டில் கழுவுவது தனி வேலை. குறுக்கு ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் கட்டையிலிருந்து தனியே கழன்று வரும். நிப்பிளைக் கழற்றி, பிரீச் முனையை வாளியில் வைத்து வெந்நீரை மேலும் கீழும் இழுப்பதுதான் வழக்கம். இப்போது அந்த முனைக்குப் பக்கத்திலேயே ஸ்கோப் உட்கார்ந்திருக்கிறது. குழலோடு சேர்ந்தே வருவதால் ஜீரோ, அதாவது ஸ்கோப்பில் அமைத்து வைத்த குறி, கலைவதில்லை, அது லாபம். தண்ணீர் படாமல் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும், அது நான். மாமா பம்ப் அடித்தார். நகப்பூச்சுக் கோடு நாலும் உடையாமல் இருந்தன. காலையில் காய்ந்த துணி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தோம், லேசாகப் பழுப்பு. டொங்காட்டில் ஒரு ராத்திரிக்கே துரு பிடிக்கும். மறுபடி எண்ணெய் போட்டு வைத்துவிட்டு, கஞ்சிக்கு நேரமாச்சு என்று மாமா கோவிலுக்குக் கிளம்பினார்.